ஓரம் வெட்டாத படங்கள்

படம் எடுத்து முடித்ததும் முதலில் இடது பக்கம் திரும்பி, கையை நெற்றிவரை உயர்த்துகிறார். பிறகு வலது பக்கம் திரும்பி அதே மாதிரி. இடது பக்கம் ஒரு சுவர். அதில் பாதி கிழிந்த விளம்பரத் தாள் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போன சைக்கிள். இரண்டுக்கும் சம மரியாதை. அதற்கப்புறம்தான் லென்ஸுக்கு உறை மாட்டுகிறார். அந்த லென்ஸின் முன்கண்ணாடி வெளியே உருண்டு புடைத்திருக்கும், கடையில் விற்கிற மூடி எதுவும் பொருந்தாது. அதனால் பழைய காலுறை ஒன்றை வெட்டி அவர் மனைவி தைத்துக் கொடுத்த உறை.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடைவீதியில் ஒரு மனிதர் சுவருக்குச் சலாம் போட்டால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. பழச்சாறுக் கடைக்காரர் மட்டும் ஆரஞ்சை நறுக்கிக்கொண்டே, "டிரைவரே, நான் இந்தப் பக்கம் இருக்கேன். அது செவுரு" என்றார்.

"இருக்கட்டுமே. செவுரு மட்டும் சும்மாவா நின்னுச்சு?" என்றார் இவர்.

பேருந்துப் பணிமனையில் இவருக்குக் கண்ணாடி என்று பெயர். மூக்குக்கண்ணாடி போட்டதே இல்லை. இருபத்தாறு வருஷம் பேருந்து ஓட்டினார். வண்டி ஐந்து நிமிஷம் நின்றால் போதும், துண்டோடு இறங்கி இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் துடைக்க ஆரம்பித்துவிடுவாராம். உள்ளே பயணிகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "பக்கத்துல வர்றவனும் வீடு போய்ச் சேரணும்ல" என்பது இவருடைய சமாதானம். இளையவர்கள் கண்ணாடி அண்ணன் என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அப்படிப்பட்டவருக்குப் பக்கத்துப் பார்வைதான் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலி ஏதும் இல்லாமல், ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. நடுவில் மட்டும் மிச்சம். செய்தித்தாளைக் குழாய் மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருவைப் பாருங்கள். அண்ணன் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். தலைவிதி என்று நான் உச்சுக் கொட்டியபோது, "விதியாவது ஒண்ணாவது. பிரஷர் தம்பி, கண்ணுல பிரஷர்" என்று திருத்தினார்.

அது தெரியவந்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். "தாடையை ஒரு தட்டுல வெச்சுக்கணும். நடுவுல ஒரு புள்ளி. அதையே பாத்துக்கிட்டு இருக்கணும். பக்கத்துல எங்கயாவது வெளிச்சம் மினுக்குனா கையில இருக்கிற பொத்தானை அமுக்கணும். நானும் ரெடியா உக்காந்திருக்கேன், ஒண்ணும் மினுக்கல. எப்பம்மா ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். அந்த நர்ஸம்மா, பாதி முடிஞ்சிடுச்சு சார்னு சொல்லுது." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் சிரிக்கலாமா கூடாதா என்று புரிவதில்லை.

அன்றைக்கு மாலையே வண்டியை ஒப்படைத்துவிட்டார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஒருத்தரையும் இடிக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சாங்களே, அதுக்கே நான் காலம் பூரா கும்பிடணும். எத்தனை நாள் அப்படி ஓட்டியிருப்பேன்? அத்தனை நாளும் யார் யாரோ ஒதுங்கிப் போயிருக்காங்க. யாருன்னே தெரியாது" என்று மட்டும் ஒரு முறை சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

இப்போது பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலை ஆறிலிருந்து இரண்டுவரை ஒலிபெருக்கியில் இவர் குரல். எந்த நடைமேடை, எந்த வண்டி, எத்தனை மணி என்று சொல்வதோடு நிறுத்த மாட்டார். "ஓடாதீங்கம்மா, வண்டி நிக்குது. டிரைவர் இன்னும் டீயே குடிச்சு முடிக்கல" என்று கூடவே ஒன்று வரும். தினமும் அந்த நிலையத்தில் வண்டி பிடிக்கிற நான், எழுதலாம் என்று அந்தக் குரலைத் தேடிப் போய்த்தான் இவரைப் பிடித்தேன். கேமரா விஷயம் அப்போது எனக்குத் தெரியாது.

கேமரா மகள் வழியாக வந்தது. அவள் வீடு விற்றுக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் படம் எடுக்கிறாள். விற்பனைக்கு வரும் வீட்டின் அறைகளைத் தாராளமாகக் காட்டுவது அவள் வேலை. அதற்கென்றே ஒரு லென்ஸ், பதினான்கு மில்லிமீட்டர். மனிதக் கண் ஒரே பார்வையில் கவனிப்பதைவிட அகலமாக அள்ளிக்கொள்ளும். நாம் ஒருக்களித்து நுழைகிற குளியலறையில் அதை வைத்துப் படம் எடுத்தால், உள்ளே ஒரு கல்யாணமே நடத்தலாம் என்று தோன்றும். "பச்சையா பொய் சொல்ற லென்ஸுப்பா இது" என்பாளாம்.

ஒரு நாள் வீட்டுக் கூடத்தில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தவளுக்குத் தொலைபேசி வந்தது. அப்பா கையில் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனாள். அண்ணன் அதன் பின்பக்கத் திரையைப் பார்த்தார். உள்ளங்கையளவு திரைக்குள் கூடம் மொத்தமும் இருந்தது. இடது கோடியில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். வலது கோடியில் மகள் கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு. நடுவில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டை மாடி. "ரெண்டு வருஷமா இவளைப் பாத்தா ஜன்னல் தெரியாது, ஜன்னலைப் பாத்தா இவ இருக்கமாட்டா. அன்னைக்கு ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சுது தம்பி. அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னேன். கை கடுத்துப் போச்சு. கீழ வெக்க மனசு வரல."

கம்பெனி புதுக் கேமரா வாங்கியபோது பழையது, லென்ஸோடு, அப்பாவின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

அவர் படம் எடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் அதிலிருந்துதான். முதலில் கைகளை முன்னால் நீட்டித் திரையைப் பார்ப்பார். தெரு முழுதும் அதற்குள் இருக்கும்: இரு பக்கக் கடைகள், குறுக்கே ஓடும் கம்பிகள், வானம், எல்லாம். இதுதான் படம் என்று முடிவு செய்ததும் கேமராவை மார்பருகே கொண்டுவந்து முழங்கைகளை விலாவில் அழுத்திக்கொள்வார். கேமராவின் தலையில் கொத்தனார் வைத்திருப்பதைப் போல ஒரு குட்டி ரசமட்டம் சொருகியிருக்கும். அதன் குமிழி நடுவில் நிற்க வேண்டும். "கொஞ்சம் அண்ணாந்தா போச்சு. கட்டடம் எல்லாம் மயக்கம் போட்ட மாதிரி பின்னாடி சாஞ்சுக்கும்." குமிழியைவிட்டுக் கண் நகராது. அப்படியே ஓர் அடி முன்னால் வைத்து அமுக்குவார்.

அந்த ஓர் அடிதான் விஷயம். "இந்த லென்ஸுல தள்ளி நின்னா ஒண்ணுமே இருக்காது, எல்லாம் எறும்பு. இதுக்கு மேல கிட்ட போகக் கூடாதுன்னு உனக்குத் தோணும் பாரு, அங்கிருந்து இன்னும் ஒரு அடி வெக்கணும். அப்பதான் படத்துக்குள்ள நீ இருப்பே." சரிதான். ஆனால் இரு பக்கமும் பார்வை இல்லாத மனிதர், கண்ணைக் குமிழியில் வைத்துக்கொண்டு, நடமாட்டமுள்ள தெருவில் அந்த அடியை வைக்கிறார்.

வருஷத்துக்கு ஒரு முறை மூவரும் வெளியூர் கிளம்புவார்கள். மலையோ ஏரியோ கடலோ, எது வாய்க்கிறதோ. அங்கேயும் இதே லென்ஸ்தான். இதில் எடுத்தால் எப்பேர்ப்பட்ட மலையும் தூரத்தில் பொடிசாகிவிடும், பக்கத்தில் இருப்பது பூதாகரமாகும். ஆகவே முன்னால் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். கல்லோ செடியோ கிடைக்காத இடங்களில் அண்ணன் சளைக்காமல் அண்ணியின் செருப்பைக் கழற்றச் சொல்லி முன்னால் வைப்பார். ஏரிக்கரையில் செருப்பு, மணல்மேட்டில் செருப்பு, சூரியன் இறங்கும் கடலுக்கு முன்னால் செருப்பு. "சுத்திப் பாத்தது எல்லாம் என் செருப்புதான். நான் சுடுமணல்ல வெறுங்காலோட தவம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்கிறார் அண்ணி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்; குடுவைகளைக் கழுவி வரிசையாக அடுக்கிய பழக்கமோ என்னவோ, பேச்சிலும் ஒன்றைக் கீழே போடாமல் பேசுவார்.

இந்த லென்ஸுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துவிடும். உறவுக் கல்யாணம் ஒன்றில் அண்ணன் ஆசையாகக் குடும்பப் படம் எடுத்தார். அண்ணியின் தங்கை, பாவம், வரிசையின் கடைசியில் நின்றுவிட்டார். படத்தில் அவருடைய தலை பூசணிக்காய், கை மரம் அறுக்கிற பட்டறையில் பார்க்கிற தடி. எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அன்றிலிருந்து அண்ணன் ஒரு சபதம் எடுத்துக்கொண்டார்: ஓரம் ஆகாது. எடுத்த படம் எதுவானாலும் கணினியில் ஏற்றியதும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் தானாக வெட்டுப்படும்படி மகளிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டார். வெட்டியது போக மிச்சத்தைத்தான் வீட்டில் பார்ப்பார்கள். "ஓரத்தை வெட்டுறதுக்கு எதுக்குப்பா இந்த லென்ஸு? சாதா லென்ஸே போதுமே" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

போன வருஷம், மழை ஓய்ந்த ஒரு நாள். தெரு ஈரமாக இருந்தால் இந்த லென்ஸ் ஆசாமிகளுக்கு இருப்புக் கொள்ளாது. தரையிலும் ஒரு வானம் கிடைக்கும். அண்ணன் வேலை முடிந்து நேராகத் தெருவுக்குப் போனார். நடைபாதை ஓரம் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். திரையைப் பார்த்தார், கேமராவை மார்போடு அணைத்தார், குமிழியை நடுவில் நிறுத்தினார், ஓர் அடி வைத்தார். விரல் பொத்தானை அமுக்க, கால் குழிக்குள் போயிற்று.

முழங்கால் கிழிந்து, மணிக்கட்டு வீங்கி வீடு வந்தார். லென்ஸில் ஒரு கீறல் இல்லை. பச்சைக் குழந்தையைப் போல மார்போடு சேர்த்துக்கொண்டு விழுந்திருக்கிறார். "யாரோ தூக்கி உக்கார வெச்சாங்க, தண்ணி குடுத்தாங்க" என்றதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியில் முகத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மஞ்சளாக ஏதோ தெரிந்ததாம்.

அண்ணி கேமராவை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அவருடைய கைப்பைக்குள் போயிற்று. "கண்ணு போனது போகட்டும். ஆளே போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டார். குழியை மூடாமல் விட்ட கூலிக்காரர்களுக்குத்தான் அந்த வீட்டில் தினமும் அர்ச்சனை நடந்தது. கண்ணு தெரியாத மனுஷன் வர்றாருன்னு ஒருத்தனுக்காவது உறைச்சுதா, நாலு பேர் நின்னுக்கிட்டு வேடிக்கை பாத்திருப்பானுங்க என்று அண்ணி விடாமல் பொரிந்தார்.

மூன்று வாரம். ஒலிபெருக்கியில் நடைமேடை, வண்டி, மணி மட்டும் வந்தது. டீ குடிக்கும் டிரைவரைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கே ஏதோ குறைந்தது தெரிந்தது. உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினேன். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்துவிடுவார் என்று அண்ணி பிற்பாடு சொன்னார். "ஜன்னலைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் பக்கத்துலதான் இருக்கேன், திரும்பக்கூட இல்ல. அவருக்கு நான் தெரியலன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கோவம் வந்துச்சு."

மகளுக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவின் படங்களில் நல்லதாகப் பார்த்துப் பெரிதாக அச்சுப்போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணினியைத் திறந்தாள். பெரிதாக அச்சுப்போட வெட்டுப்பட்ட படம் போதாது, அசல் வேண்டும். அசலைத் திறந்தாள். ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைத் திறந்தாள், அடுத்ததை. பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "அம்மா, கையைத் துடைச்சுட்டு இங்க வாயேன்" என்றாள்.

அண்ணன் பார்க்காத இடது ஓரத்தில், பழச்சாறுக் கடைக்காரர் ஒரு கையில் கத்தியும் மறு கையை நீட்டியபடியும் நடுத்தெருவுக்கு வந்து ஒரு மோட்டார் சைக்கிளை மறித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு படத்தில், தெரு கூட்டும் அம்மா தன்னுடைய குப்பைத் தொட்டியைச் சட்டென்று பின்னால் இழுக்கிறார். அவர் கண் அண்ணனின் காலடியில் இருக்கிறது. சாவி செய்பவர் தன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, ரயில்வே கேட் மாதிரி கையைக் குறுக்கே போட்டிருக்கிறார். பார்சல் கொண்டுபோகும் ஓர் இளைஞன் வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் தரையில் ஊன்றியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர் வாயைத் திறந்து கத்துகிறார், அவன் அசையவில்லை. ஒரு படமா இரண்டு படமா, படத்துக்குப் படம் யாரோ ஒருவர். எல்லாருக்கும் பூசணித் தலை, தடிக் கைகள். அத்தனை பேரையும் அண்ணன் மாதக்கணக்காக வெட்டி எறிந்துகொண்டிருந்திருக்கிறார்.

கடற்கரைப் பாறைப் படத்தின் ஓரத்தில் கரண்டி மாதிரி நீண்ட ஒரு கை அண்ணனின் நிழலுக்குப் பின்னாலிருந்து வருகிறது. அது தன்னுடைய கைதான் என்று அண்ணிக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் சட்டையைப் பிடிப்பதற்காக நீட்டிய கை. நீட்டியது அவருக்கே நினைவில்லை.

கடைசிப் படம் விழுந்த நாளுடையது. சாய்ந்து கிடக்கும் தெரு, ஈரம், வானம். வலது ஓரத்தில் மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு கூலியாள். கையில் இருந்த மண்வெட்டியை வீசியிருக்கிறார். அது காற்றில் இருக்கிறது. இரண்டு கைகளும் முன்னால் நீள, வாய் திறந்து, ஓடி வருகிறார். இன்னும் இரண்டு எட்டு கிட்டே இருந்திருந்தால் பிடித்திருப்பார். மூன்று வாரமாகத் தான் திட்டித் தீர்த்த மனிதர் இவர்தான் என்று அண்ணிக்குப் புரிந்தது.

அன்று அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை. அண்ணி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, ஜன்னலருகே உட்கார்ந்திருந்தவரின் மடியில் வைத்தார். "இனிமே ஓரத்தை வெட்டக் கூடாது. சாயங்காலம் நான் பாக்கணும். யாராவது இருக்காங்களான்னு பாப்பேன். ஒரு நாள் பூரா ஒருத்தரும் இல்லன்னா மறுபடி அலமாரிதான்." அதுதான் ஒப்பந்தம். அண்ணன் அந்தப் படங்களை அன்றுதான் ஒவ்வொன்றாக, மூக்கு திரையில் உரச, ஓரம் ஓரமாகப் பார்த்தார். பழச்சாறுக் கடைக்காரர் வந்ததும், "இவனா? என்னை எப்பப் பாத்தாலும் நக்கலடிப்பானே" என்றாராம். அதோடு குரல் உடைந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான் அந்தச் சலாம். யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, ஆகவே இரண்டு பக்கமும். ஓரத்தில் பிடிபட்டவர்களுக்கெல்லாம் அவரவர் படத்தை அச்சுப்போட்டு அண்ணியும் அவருமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பழச்சாறுக் கடையில் அது மாட்டியிருக்கிறது. "என்னை இம்மாம் பெரிய கையோட எவனும் எடுத்ததில்ல" என்று அவர் எல்லாரிடமும் காட்டுகிறார். மஞ்சள் மேற்சட்டைக்காரர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. குழாய் வேலை முடிந்து எங்கோ போய்விட்டார். அவருடைய படம் அண்ணனின் பையில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே எப்போதும் இருக்கிறது. தெருவில் மஞ்சள் சட்டை எது தெரிந்தாலும் போய்க் கையைப் பிடித்து, படத்தைக் காட்டி, "இவரைத் தெரியுமா தம்பி?" என்று கேட்கிறார். கேட்பதற்கும் அந்த ஓர் அடி கிட்டத்தான் போகிறார். சிலர் பயந்து பின்வாங்குகிறார்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சலாம் பார்த்த அதே நாள், அதே தெரு. ஒரு முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக் கதவில் வெயில் பட்டுத் தெருவின் குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் திரையைப் பார்த்து முடித்து, கேமராவை மார்போடு அணைத்து, குமிழியில் கண் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, இந்த லென்ஸு எவ்வளவு எடை இருக்கும்?" என்று வலது பக்கத்திலிருந்து கேட்டேன்.

குரல் வந்த பக்கம் அவர் உடம்பு இலேசாகத் திரும்பியது. வைத்த அடி நேராகப் போகாமல் தெருப்பக்கம் விழுந்தது. சரிவில் தண்ணீர்க் கேன் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கையை வண்டிக்கு முன்னால் நீட்டினேன். தள்ளியவர் முழு உடம்பையும் பின்னால் போட்டு நிறுத்தினார். சக்கரம் அண்ணனின் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கேமரா க்ளிக் என்றது. வண்டிக்காரர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வளைத்துக்கொண்டு போனார்.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. இடது பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். வலது பக்கம், என் பக்கம், திரும்பி உயர்த்தினார். பார்வை என் தோளைத் தாண்டி எங்கோ போயிற்று. "எடை ஒரு கிலோ வரும் தம்பி. ஏன் கேக்குறீங்க?" என்றார். சும்மாதான் என்றேன். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அண்ணி காதுக்குப் போகும், கேமரா அலமாரிக்குப் போகும், அதற்குக் காரணம் நான். நல்ல வேளையாக நான் படத்துக்குள் இல்லை, தள்ளித்தான் நின்றேன் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். இந்த லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்களாம்.

மாலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி கணினிக்கு முன்னால். அவர் படத்தின் நடுவைப் பார்ப்பதே இல்லை. இடது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இறங்குகிறார், பிறகு வலது ஓரம். "கீரைக்காரம்மா... கூடையை நகத்துறாங்க. நல்லா இருக்கட்டும்." அடுத்தது. "இங்க யாரும் இல்ல. செவுருதான்." அடுத்தது வந்தது. விரல் வலது ஓரத்தில் இறங்கி, பாதியில் நின்றது.

"இது யாரு கை?"

மண்வெட்டி அகலத்துக்கு ஒரு கை. அதற்குப் பின்னால் கழுத்து நீண்டு, கண் பிதுங்கி, வாய் பாதி திறந்த ஒரு முகம். கையில் குறிப்பேடு. அதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. "என் கைதான் அண்ணி. நான்தான் கூப்பிட்டேன். கூப்பிடாம இருந்திருந்தா அவரு நேரா போயிருப்பாரு. தப்பு என்னோடது. கேமராவைப் பூட்டிடாதீங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அண்ணி என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வண்டிக்கும் என் கைக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து அலமாரிக்குப் போனார். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கேமரா மேசைமேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது வந்து எடுத்துக்கொண்டு போவார் என்று. அலமாரியிலிருந்து அவர் எடுத்து வந்தது அச்சுப்போடுகிற பளபளப்புத் தாள். அதை இயந்திரத்தில் சொருகினார்.

"கூப்பிட்டது நீங்கதான். கையை நீட்டினதும் நீங்கதானே" என்றார். "ஒரு காப்பி உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. அந்தத் தள்ளுவண்டிக்காரருக்கும் ஒண்ணு போடணும், எங்க இருப்பாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அண்ணன் இதற்குள் திரைக்குக் கிட்டே போய்விட்டார். மூக்கை வைத்து, முதலில் கையை, பிறகு முழங்கையை, பிறகு முகத்தை, ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தெரியாத பக்கம். சுவருக்கு வைத்ததைப் போல அந்தப் பக்கம் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தேடினார், கொஞ்சம் இடப்பக்கம் போனார், கொஞ்சம் வலப்பக்கம் வந்தார், குமிழியை நிறுத்துகிற மாதிரி என்னைத் தன் கண்ணின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கையை நெற்றிக்கு உயர்த்தினார்.